அடுப்பங்கரை ஜங்ஷன்

பெண்டாட்டிக்கு ஓர் உத்தியோகம் போட்டுக் கொடுத்துவிடுவது என்று குணசேகரன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கும்போது முடிவெடுத்தார். சம்பளம் கிடையாது. லீவு கிடையாது. ஆனால் பதவி என்றால் பதவி. கொடி உண்டு, விசில் உண்டு, கையெழுத்துப் போட நோட்டு உண்டு. இப்படி ஒரு யோசனை தன் மண்டையில் உதித்ததை நினைத்து அவருக்கே தன் மேல் மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதையில் பேஸ்ட்டைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டார்.

கட்டின பெண்டாட்டிக்கு எதற்கு உத்தியோகம் என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் குணசேகரனின் பைத்தியத்தைச் சொல்ல வேண்டும்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு சரக்கு யார்டில் அவருக்கு லோடு செக்கர் வேலை. டிராக்டர், கலப்பை, நெல் அறுவடை மிஷின் எல்லாம் அங்கே மொட்டை வேகனில் ஏறும். சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது, பலகைக்குச் சக்கரம் வைத்தது போல ஒரு வேகன், அதுதான் மொட்டை. ஏற்றிய சாமான் வழியில் உருளாமல், சாயாமல், ஓரத்தில் நீட்டிக்கொண்டு பாலத்தில் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த மனிதர், வயலில் கால் வைத்ததில்லை. டிராக்டர் என்றால் அவரைப் பொறுத்தவரை கட்டிவைக்கிற சாமான், அவ்வளவுதான். ஒரு தடவை டிவியில் ஒரு டிராக்டர் சேற்றில் உழுதுகொண்டு போவதைப் பார்த்துவிட்டு, "இன்னாமே இது, ஒரு சங்கிலி கூட போடாம அவுத்து வுட்டுகிறானுங்க" என்று பதறி, அன்று பூரா அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பகலெல்லாம் பெரிய டிராக்டரைக் கட்டிவிட்டு வருகிற மனிதர் வீட்டுக்கு வந்து என்ன செய்வார்? சின்ன டிராக்டரைக் கட்டுவார். ஒரு ஜாண் நீள மொட்டை வேகன், அதன் மேல் உள்ளங்கையில் அடங்குகிற டிராக்டர். பொம்மை என்று யாராவது சொன்னால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அது மாடல். என்ஜினும் சக்கரங்களும் தண்டவாளமும்தான் கடையில் வாங்கியவை. மற்றதெல்லாம் வீட்டிலிருந்தே உற்பத்தி. பெண்டாட்டி கெங்கம்மாவின் கொலுசு அறுந்தால் அது சங்கிலி. ஷாம்பு பாட்டில் மூடி டிராக்டரின் பின் சக்கரம். ஸ்டேப்ளர் பின் வளைந்தால் சேற்றைக் கிளறும் ரோட்டவேட்டர் பல். சிவப்பு பெயிண்டுக்கு மகள் மதியின் நகப்பூச்சு. அவர் நாலு மாதம் உட்கார்ந்து செய்த நெல் அறுவடை மிஷின் ஒன்று உண்டு, அதுதான் மணிமகுடம். அதன் முன்னால் கதிரை வாரி இழுக்கிற பாகம் இருக்கிறதே, அது கெங்கம்மாவின் பேன் சீப்பு. சீப்பைத் தேடி அவள் மூன்று நாள் வீட்டைப் புரட்டிப் போட்டாள். நாலாம் நாள் அது பதினாலாம் நம்பர் வேகனில் நான்கு சங்கிலி போட்டுக் கட்டப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தாள்.

மொத்தம் இருபத்தொரு வேகன். நீளம் பதினாலு அடி. இங்கேதான் சிக்கல்.

காலடிப்பேட்டையில் அவர்கள் குடியிருந்த வீட்டில் ஒரு ஹால், ஒரு அடுப்பங்கரை, ஒரு பின் ரூம். பின் ரூமில் மகள் மதி இருந்தாள். அவள் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் ஏறின பஸ் கண்ணிலிருந்து மறைந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஆளுக்கு ஒரு டேப்பை எடுத்து அந்த ரூமை அளக்க ஆரம்பித்தார்கள்.

கெங்கம்மாவுக்கும் இடம் தேவைதான். முகத்துவாரக்குப்பத்தில் அவள் அக்கா குப்பம்மா இருக்கிறாள். அங்கிருந்து நெத்திலிக் கருவாடு வரும். கெங்கம்மா அதில் போடுகிற ஊறுகாய் தெருவில் ஆரம்பித்து, தேரடி தாண்டி, கடைசியில் மணலியில் ஒரு கம்பெனி கேன்டீன் வரைக்கும் போய்விட்டது. கேன்டீன்காரர்கள் தை மாசத்திலிருந்து வாராவாரம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஊறுகாய் ஜாடியை எங்கே வைப்பது? பரணில் ஜாடி, கட்டில் அடியில் ஜாடி, டிவிக்கு முன்னால் ஜாடி. நியூஸ் வாசிக்கிற பெண்ணின் பாதி முகம் ஜாடிக்குப் பின்னால்தான் இருக்கும்.

கடைசியில் ரூமின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்கள். இந்தப் பக்கம் ரயில், அந்தப் பக்கம் ஊறுகாய். குணசேகரன் பங்குக்கு நாலடி அகல வட்டம் ஒன்று போடத்தான் இடம் இருந்தது. வட்டத்தின் சுற்றளவு பன்னிரண்டரை அடி. வண்டியோ பதினாலு அடி. இருபத்தொரு வேகனையும் கோத்தால் என்ஜின் மூக்கு தன் வாலில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வண்டி கிளம்பவே வேண்டாம், கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய தோஸ்துகள் இரண்டு பேர் வண்டி பார்க்க வருவதாக இருந்தார்கள். மாடல் ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் அந்த வட்டாரத்திலேயே மூன்று பேர்தான், அவரையும் சேர்த்து. ஒருவர் தௌசீஃப், ராயபுரத்துக்காரர், கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். இன்னொருவர் உச்சிமாகாளி, தெற்கத்திக்காரர், சரக்கு ரயில் ஓட்டி ரிட்டையர் ஆன டிரைவர். இருவர் முன்னாலும் இருபத்தொரு வேகனையும் ஓட்டிக் காட்டுவேன் என்று குணசேகரன் வாய் விட்டுவிட்டார். ஓட்டிக் காட்டி, "இதுக்கு முழு ரூமும் வோணும்" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, சாக்பீஸ் கோட்டை அழித்துவிடுவது என்பது உள்ளுக்குள் இருந்த திட்டம்.

அதற்கு வழி ஒன்றுதான். பின் ரூமை ஷெட்டாக வைத்துக்கொண்டு, தண்டவாளத்தை ஹாலுக்கு இழுத்து, கட்டில் அடியில் நுழைத்து, அடுப்பங்கரைக்குள் விட்டு, கிரைண்டரைச் சுற்றித் திரும்ப ஹாலுக்கே கொண்டுவந்து ஒரு பெரிய சுற்று போடுவது. ஆனால் கெங்கம்மாவின் அடுப்பங்கரைக்குள் அவள் அனுமதி இல்லாமல் எறும்பு கூட நுழைந்ததில்லை. அதனால்தான் உத்தியோகம்.

"இந்தாமே கெங்கா, இப்டி வந்து குந்து. ஒரு சேதி கீது."

"கையி முச்சூடும் மொளகாத்தூளு. நின்னுகினே கேக்கறேன், சொல்லு."

"ஒனக்கு ஒரு உத்தியோகம் போட்டுகிறேன்."

"கீற உத்தியோகமே இடுப்ப ஒடிக்குது. இது வேறயா?"

"சாதா உத்தியோகம் இல்லமே. ஸ்டேஷன் மாஸ்டர்."

"எந்த ஊருக்கு?"

"நம்ம அடுப்பங்கரைக்கு."

"அடுப்பங்கரைக்கு நான்தான் மாஸ்டர்னு ஒன் ஆர்டர் வந்துதான் ஊருக்குத் தெரியணுமா?"

குணசேகரன் அசரவில்லை. யார்டு சீல் மாதிரியே ரப்பரில் வெட்டிய சீல் குத்திய நியமன உத்தரவை நீட்டினார். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, ஒரு விசில். கூடவே ஒரு லாங் சைஸ் நோட்டு. அதுதான் ரூல் புக்கு. விதி இல்லாமல் ஒரு தண்டவாளத்தில் ஒரு சக்கரம் உருளுவதை அவர் மனசு ஒப்பாது. அதனால் தன் வீட்டு ரயிலுக்கு என்று தானே உட்கார்ந்து நாற்பது விதி எழுதி வைத்திருந்தார். சொந்தக் கையெழுத்து, தலைப்புக்கெல்லாம் சிவப்பு மை.

கெங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு உத்தரவை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"இதுல, ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லே இறுதியானதுன்னு போட்டுக்குது?"

"ஆமா. ஒன் ஸ்டேஷனு, ஒன் ராஜ்ஜியம்."

"நீ கூட ஒன்னியும் சொல்லக் கூடாது?"

"நான் வண்டிய அனுப்பறவன். வாங்கறதும் வாங்காததும் ஒன் இஷ்டம். லைன் கிளியர்னு சீட்டு எழுதிக் குட்த்தா வண்டி உள்ள வரும். இல்லாட்டி வாசல்லயே நிக்கும்."

"செரி. வண்டி உள்ளார வர்றதுக்குத்தான இவ்ளோ ஷோ காட்ற?"

"சேச்சே."

"வரட்டும்" என்று அவள் விசிலை எடுத்துத் தாலிச் சரடோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று குணசேகரனுக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

புதன்கிழமை தண்டவாளம் போட்டாயிற்று. வியாழக்கிழமை சோதனை ஓட்டம். வியாழன் மத்தியானம் அவர் ஷிப்ட் முடிந்து வந்து, தாகத்துக்குத் தண்ணி குடிக்க அடுப்பங்கரைக்குள் காலெடுத்து வைத்தார். காது கிழிய விசில் கேட்டது.

"இன்னாமே?"

"ஒம்போதாம் விதி. தண்டவாளத்தின் மீது ஆட்கள் நடக்கலாகாது."

"தண்ணி குடிக்கணும்மே."

"ஹால்ல போய் குந்து. வண்டில அனுப்பறேன்."

அனுப்பினாள். டம்ளர் ஒரு மொட்டை வேகனில் ஏறி, தளும்பிக்கொண்டு, கட்டில் அடியைத் தாண்டி வந்து சேர்ந்தது. குணசேகரன் டம்ளரை எடுக்கப் போனவர் அப்படியே நின்றார். சங்கிலி போடவில்லை.

"கெங்கா, இத்த எப்டிமே வாங்கறது? நாலு மூலைக்கும் கட்டாத சரக்கு."

"தாகம்னியே?"

"தாகம் வேற, ரூலு வேற."

வண்டியைத் திருப்பி அனுப்பினார். அவள் டம்ளரின் நாலு பக்கமும் கொலுசுச் சங்கிலி போட்டு இறுக்கி மறுபடி அனுப்பினாள். சாயந்தரம் காப்பியும் அப்படித்தான் வந்தது. சங்கிலியை அவிழ்ப்பதற்குள் ஆறிப் போயிருந்தது. ஆறின காப்பியைக் குடித்துக்கொண்டே அவர் மனைவியைப் பெருமையோடு பார்த்தார். இப்படி விதியை மதிக்கிற ஆள் யார்டில் ஒருத்தன் இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

அவளும் சாப்பாடு போடும்போதெல்லாம் பாடம் கேட்டாள்.

"பதினேழாம் விதின்னா இன்னா?"

"அகல லோடு. வேகன வுட அகலமா சாமான் நீட்டிகினு கீதுன்னு வையி. எந்த ஸ்டேஷன் வழியா போவுதோ, அந்த ஸ்டேஷன் மாஸ்டர் அளந்து பாக்கணும். இடிக்கும்னு அவரு சொன்னா போச்சு."

"வேற யாரும் அளக்கக் கூடாதா?"

"கூடவே கூடாது. அப்புறம் ஆளாளுக்கு ஸ்கேல எடுத்துகினு வந்து எனக்கு ரெண்டு, உனக்கு மூணும்பான். யார்டுல எனக்கு டெய்லி இதான் பேஜாரு. அதான் நம்ம லைன்ல கறாரா எழுதிட்டேன்."

"முப்பத்தொண்ணு?"

"அது பிளாக்கு. லைன்ல ஏதாச்சும் வேலை செய்யணும்னா, அந்த எடத்த எழுதி வாங்கிக்கணும். வாங்கினவரு வேலை முடிஞ்சிதுன்னு திருப்பி எழுதிக் குடுக்கற வரிக்கும் அதுக்குள்ள ஒரு வண்டியும் நொழையக் கூடாது. நெஜ ரயில்லயும் அதான். உயிரு சமாச்சாரம்."

"ஷோக்கா எழுதிகீற" என்று கெங்கம்மா இன்னொரு துண்டு மீன் வைத்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் எழுதினதை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தோஸ்துகள் வந்தார்கள். தௌசீஃப் வீடியோ எடுக்க போனைத் துடைத்துக்கொண்டார். உச்சிமாகாளி ரிட்டையர் ஆன அன்றைக்குப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். என்ஜினை ஓட்டுகிற திருகு அவர் கையில் கொடுக்கப்பட்டது. பெரியவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திருகை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

வண்டி பின் ரூமை விட்டு வெளியே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று டிராக்டர்கள். அப்புறம் கலப்பைகள். அப்புறம் ரோட்டவேட்டர். எல்லாம் கட்டை வைத்து, குறுக்குச் சங்கிலி போட்டு, பார்க்கவே கண் நிறைந்தது. பதினாலாவதாக அறுவடை மிஷின் பேன் சீப்பை நிமிர்த்திக்கொண்டு வந்தபோது தௌசீஃப், "மாஷா அல்லா" என்றார். குணசேகரன் வண்டியோடு கூடவே குனிந்தபடி நடந்தார். இருபத்தெட்டு வருஷம் பெரிய வண்டிகளைக் கட்டி அனுப்பியிருக்கிறார். ஒன்று கூட அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. இது அவருடையது. இது ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டால் போதும், வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டாம் என்று நிஜமாகவே நினைத்தார்.

அடுப்பங்கரை வாசலில் சிவப்புக் கொடி விழுந்தது. விசில் ஊதியது.

உச்சிமாகாளி சட்டென்று திருகை மூடினார். பழக்க தோஷம். சிவப்பைக் கண்டால் அவர் கை தானாக மூடிவிடும்.

"இன்னாமே?" என்றார் குணசேகரன்.

கெங்கம்மா கையில் ஒரு அடி ஸ்கேலோடு நின்றாள். அடுப்பங்கரைக்குள் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பீங்கான் ஜாடிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நேற்று சாயந்தரம் அவை அங்கே இல்லை. கேன்டீனுக்குப் போக வேண்டிய ஊறுகாய், விடியற்காலைதான் ஜாடியில் போட்டதாகச் சொன்னாள்.

"பதினேழாம் விதி. அகல லோடு. அளக்கணும்."

அவள் குனிந்து ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவே ஸ்கேலை வைத்தாள். அப்புறம் கட்டில் பக்கம் வந்து அறுவடை மிஷின் மேல் வைத்தாள். நிமிர்ந்தாள்.

"ரெண்டு மில்லி அதிகம். இடிக்கும். லைன் கிளியர் இல்ல."

வண்டி நின்றது நின்றபடி இருந்தது. கட்டிலின் இந்தப் பக்கம் ஏழு வேகன், அந்தப் பக்கம் ஏழு வேகன், அடியில் ஏழு வேகன்.

"அண்ணி, ரெண்டு மில்லிதானே, கொஞ்சம் தள்ளிக்கிட்டுப் போயிடுமே" என்றார் தௌசீஃப்.

"அப்டி போவலாமா?" என்று கெங்கம்மா புருஷனைப் பார்த்தாள்.

"போகக் கூடாது" என்றார் குணசேகரன். சொல்லும்போதே அழுகை வந்தது. ஆனால் சொன்னார்.

"அந்த ஒரு வேகனைக் கழட்டிட்டா?" தௌசீஃப் விடவில்லை.

"அத்த கழட்டினா அப்பறம் நான் எதுக்கு உயிரோட கீறேன்?"

"நீங்க சொல்லுங்க தாத்தா" என்றார் தௌசீஃப்.

"என்னத்தச் சொல்ல? லைன் கிளியர் இல்லாம நான் ஒரு இஞ்சு நகட்ட மாட்டேன். நாப்பது வருஷ சர்வீஸு. ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. எனக்கு இருக்க நேரம் இருக்கு, நான் இருக்கேன்" என்று உச்சிமாகாளி சுவரில் சாய்ந்துகொண்டார்.

குணசேகரன் மனைவியின் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"கெங்கா, அந்த ஜாடிங்கள கொஞ்சம் நவுத்தக் கூடாதா?"

"நவுத்தலாம். எங்க வைக்கறது? பரணு ரொம்பிகீது. ஹால்ல தண்டவாளம் ஓடுது."

"பின் ரூம்ல வையி."

"அங்க என் பக்கம் ரொம்பிகீது. ஒன் பக்கம் ஷெட்டு. ஷெட்டுல நான் நொழஞ்சா விதி இன்னாவறது?"

"வண்டிதான் வெளிய வந்துட்டுதே. ஷெட்டு காலியாத்தான கீது."

"காலியா இருந்தாலும் நீயா வண்டிய பின்னாடி தள்ளினா என் ஜாடி இன்னாவறது? பிளாக் எழுதிக் குடு. ஜாடிய வைக்கறேன். ஒன் வண்டி போவட்டும்."

இதில் என்ன குற்றம் சொல்ல முடியும்? முறையான பேச்சு. அவர் மனம் பெருமையில் விம்மியது. நோட்டை அவளே எடுத்துவந்தாள். பிளாக் சீட்டு எழுதியே இருந்தது. இடம்: பின் ரூம். வேலை: ஜாடி வைத்தல். காலம்: வேலை முடியும் வரை. வாங்குபவர்: கெங்கம்மா, ஸ்டேஷன் மாஸ்டர். கொடுப்பவர் என்று இருந்த இடத்தில் மட்டும் கோடு காலியாக இருந்தது. மூன்று பிரதி. தௌசீஃப் முதுகைக் கொடுத்தார். அதன் மேல் நோட்டை வைத்து, மூன்றிலும் குணசேகரன் கையெழுத்துப் போட்டார். ஒன்றில் தேதி போட மறந்தார், அவளே ஞாபகப்படுத்தினாள்.

அப்புறம் என்ன, தோஸ்துகளே எழுந்து ஜாடிகளைத் தூக்கினார்கள். அடுப்பங்கரை ஜாடி போயிற்று. "கட்டில் அடில கீறதும் தண்டவாளத்துக்குப் பக்கத்துல நிக்குது பாருங்க, இடிச்சிடப் போவுது" என்று கெங்கம்மா சொன்னாள். அதுவும் போயிற்று. பரணில் இருப்பது அதிர்வில் விழுந்தால் வண்டி என்னாவது என்று உச்சிமாகாளிக்கே தோன்றியது. தௌசீஃப் ஸ்டூல் போட்டு ஏறினார். டிவி முன்னால் இருந்த ஜாடியையும் எடுத்துப் போனார்கள். அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

கெங்கம்மா சீட்டுக் கிழித்துக் கொடுத்துப் பச்சைக் கொடி காட்டினாள். வண்டி நகர்ந்தது. அறுவடை மிஷின் அடுப்பங்கரை வாசலைத் தாண்டி, கிரைண்டரைச் சுற்றி, தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு சங்கிலி தளரவில்லை, ஒரு கட்டை நழுவவில்லை. ஏழு சுற்று. உச்சிமாகாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குணசேகரன் தரையில் தலை வைத்துப் படுத்து, வண்டி மூக்குக்கு நேரே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முழு ரூம் வேண்டும் என்று தோஸ்துகளைச் சொல்ல வைக்க வேண்டியிருந்ததே, அது அவருக்கு ஞாபகமே வரவில்லை. அவர்களும் சாப்பாட்டில் ஊறுகாயைப் பற்றித்தான் பேசினார்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாலு மணிக்கு வீடு அமைதியானது. வண்டியை ஷெட்டில் விடலாம் என்று குணசேகரன் பின் ரூம் கதவைத் திறந்தார். உள்ளே சாக்பீஸ் கோடு தெரியவில்லை. அதன் மேல் ஜாடி இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஜாடி, இந்தப் பக்கமும் ஜாடி. அவருடைய வட்டத் தண்டவாளம் துண்டு துண்டாகக் கழற்றி, துணியால் துடைத்து, பழைய சேலையில் மூட்டையாகக் கட்டி மூலையில் சாத்தியிருந்தது.

"இன்னாமே இது?"

"வேலை நடக்கற எடத்துல தண்டவாளத்த கழட்டறது சகஜந்தான. பத்ரமா வச்சிகிறேன், ஒன்னியும் உடையல" என்றாள் உள்ளே ஜாடி வாயில் துணி கட்டிக்கொண்டிருந்த கெங்கம்மா.

அவர் அடுப்பங்கரைக்குப் போனார். இன்றைய நாளில் ஏதோ ஒன்று சரியாக அடுக்கப்படவில்லை என்று மட்டும் ஒரு உறுத்தல். தரையில் ஜாடிகள் நின்ற இடங்களில் எண்ணெய் வட்டம் வட்டமாகப் படிந்திருந்தது. இரண்டு ஜாடியைக் கேட்டு வாங்கி வந்து, எதிரெதிரே இருந்த இரண்டு எண்ணெய் வட்டத்தின் மேல் சரியாகப் பொருத்தி வைத்தார். பதினாலாம் நம்பர் வேகனைக் கையால் மெல்லத் தள்ளினார்.

அறுவடை மிஷின் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போயிற்று. இரண்டு பக்கமும் அவர் சுண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. நம்பாமல் திரும்ப இழுத்தார். திரும்பவும் தாராளமாக வந்தது. இன்னொரு ஜோடி வட்டத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே இன்னும் தாராளம்.

பின் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"கெங்கா, இடிக்கல."

"எது?"

"அறுவடை மிஷினு. ஷோக்கா போவுது."

"போவட்டும்."

"நீ ரெண்டு மில்லி அதிகம்னியே."

"சொன்னேன்."

"அளந்தியா இல்லியா?"

"ஸ்கேல வச்சேன். கண்ணாடி போடாம அதுல கீற கோடு எனக்கு எங்க தெரியுது? ஒரு மதிப்பா சொன்னேன். நீதான் மூணு கையெழுத்துப் போட்ட."

குணசேகரனுக்குக் கோபம் வந்தது. கோபம் யார் மேல் என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டது.

"செரி, பிளாக்க திருப்பிக் குடு."

"வேலை முடியல."

"எப்ப முடியும்?"

"கேன்டீன்காரன் வோணாம்னு சொல்ற அன்னிக்கு."

அவர் ஹாலுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து ரூல் புக்கைப் பிரித்தார். முப்பத்தொன்றாம் விதியை முன்னும் பின்னும் படித்தார். வாங்கியவரைத் தவிர வேறு யாரும் பிளாக்கை ரத்து செய்யலாகாது. மேலதிகாரி கேட்டாலும் கொடுக்கலாகாது. கெஞ்சினாலும் கொடுக்கலாகாது. கெஞ்சினாலும் என்பதைச் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு அவரேதான் எழுதியிருந்தார். எவ்வளவு தெளிவான தமிழ், எங்கேயும் ஒரு ஓட்டை கிடையாது. நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ரூமுக்குள் வண்டியை விட்டுவிட வேறு எந்தப் புருஷனாலும் முடியும். குணசேகரனால் முடியாது. முடிந்திருந்தால் அவர் என்றைக்கோ யார்டில் பெரிய ஆளாகியிருப்பார்.

கால் மணி நேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய விதியை மீறினால்தானே தப்பு? புது விதி போடலாமே. பேனாவை எடுத்து, நாற்பதாம் விதிக்குக் கீழே அழகாக எழுதினார். நாற்பத்தொன்று: எந்தப் பிளாக்கும் ஒரு வாரத்துக்கு மேல் செல்லாது. சீல் குத்தினார். ஆனால் புது விதி செல்ல வேண்டுமானால் லைனில் இருக்கிற எல்லா ஸ்டேஷன் மாஸ்டரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் அவர் எழுதியதுதான். லைனில் மொத்தம் ஒரே ஒரு ஸ்டேஷன்.

நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பணிவாக நீட்டினார். கெங்கம்மா கையைக் கழுவித் துடைத்தாள். ஜன்னல் மேல் வைத்திருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். புது விதியை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். பேனாவைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் நிதானமாக ஏதோ எழுதி, அவருடைய சீலையே எடுத்து அதன் மேல் குத்தித் திருப்பிக் கொடுத்தாள்.

குணசேகரன் ஹால் வெளிச்சத்துக்கு வந்து படித்தார்.

"மனு கிடைத்தது. அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."